கூப்பிடக் கூப்பிட விலகிப் போனவள்

சவேரியார்பட்டணத்தில் முதலில் நகர்ந்தது சந்தியாகு பர்னாந்து வீட்டு அலமாரி. அது நகர்ந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் உப்புக்காற்றுக்குத் தரை வழுக்கியிருக்கும், மருமகள் கோபத்தில் தள்ளியிருப்பாள், ஒரு அலமாரி ஒரு சாண் தள்ளி நிற்க எவ்வளவோ காரணம் இருக்கும். ஆனால் அடுத்த வாரம் ஊரில் எல்லா வீட்டு அலமாரியும் வடமேற்கு மூலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது, அதன் பின்னாலேயே மேசை போனது, ஆணியில் தொங்கிய சாவி நேராகத் தொங்காமல் யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி வடமேற்கே சாய்ந்து நின்றது, கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் குசினி மூலையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன, ஜன்னல்கள் சுவரை விட்டுப் போக முடியாமல் சட்டத்துக்குள் முனகின, குசினியே போயிருக்கும், அஸ்திவாரம் விடவில்லை.

கட்டில் நகரவில்லை, பாய் நகரவில்லை, அம்மியும் உரலும் எப்போதும் போலக் கிடந்தன.

ஏன் என்று சொன்னவன் ரெமிஜியுஸ். அவன் இத்தாலியில் ஒரு ஓட்டலில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவன், விசா முடிந்து பிடித்து அனுப்பிவிட்டார்கள், இப்போது ஐஸ் கம்பெனி மாடியில் இத்தாலியப் பாஷை வகுப்பு நடத்துகிறான். அங்கே போய்க் கிழவன் கிழவிகளைக் குளிப்பாட்டி விடும் வேலைக்கு ஆசைப்பட்ட ஐந்தாறு பெண்கள் அவனிடம் படித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வளாகத்தில் எல்லாரும் நிற்கும்போது அவன் கோயிலில் எடுபிடி வேலை பார்க்கும் கோயில்குட்டியிடம் சாவிக் கொத்தை வாங்கித் தூக்கிக் காட்டினான். கொத்து மொத்தமாக வடமேற்கே சாய்ந்தது.

"ரோமாபுரில இது கிளாவிஸ். அந்த லத்தீன் பாஷ செத்துப் போச்சு, ஆனா பிள்ளைகளப் பெத்துப் போட்டுட்டுத்தான் செத்துச்சு. இத்தாலிக்காரன் கியாவேங்கான், ஸ்பெயின்காரன் யாவேங்கான், போர்த்துகீசுக்காரன் ஷாவேங்கான். அவன் முத்துக்கு வந்தப்ப நம்ம கரைல எறக்கிட்டுப் போனதுதான் சாவி. மேசையும் அப்படித்தான், அங்க மென்சா. அலமாரிக்கு அங்க அர்மாரியம்னு பேரு. ஆயுதம் வைக்கிற பெட்டி."

"எங்க வீட்டு அலமாரில பாச்சா உருண்டதான் இருக்கு," என்றாள் சந்தியாகுவின் பெண்டாட்டி.

"அது ரோமாபுரிக்குத் தெரியுமா. அம்மைக்காரி கூப்பிடுதா, பிள்ளைக போகுது."

"செத்தவ எப்பிடிடா கூப்பிடுவா?"

"செத்தவதான கூப்பிடுவா."

அப்படியென்றால் துவாலையும் சட்டைப் பொத்தானும் ஏன் அசையவில்லை, அதுவும் அந்தக் கப்பலில் வந்ததுதானே என்று ஒருவர் கேட்டார். அதற்கு அம்மைக்காரி வேறு, ஜெர்மன்காரி, வழியில் வந்து சேர்ந்துகொண்டது என்றான் ரெமிஜியுஸ். சிலுவை? சிலுவை சிரியாப் பக்கத்துச் சொல், அது அங்கேயே நிற்கும் என்றான். அதைக் கேட்டதும் பாதிக் கூட்டம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டது.

மற்ற ஊராக இருந்தால் பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள். சவேரியார்பட்டணம் கடலோடு வாழும் ஊர், எது எப்போது போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தால் அங்கே அடுப்பு எரியாது. அதனால் அவர்கள் நைலான் கயிறு வாங்கினார்கள். வலை கட்டும் கயிற்றால் அலமாரியைத் தூணோடு கட்டினார்கள், மேசைக் காலுக்கு நங்கூரக் கல் வைத்தார்கள், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் மேசை கட்டியிருக்கும் முடிச்சைப் பார்த்து அந்த வீட்டு ஆண்களின் கடல் வேலை எப்படி என்று கணித்தார்கள், வடமேற்கே கோவில்பட்டிக்குப் போகும் பஸ், அதுவும் லத்தீன் பிள்ளைதான், நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது, திரும்பி வரும்போது டீசலைக் குடித்துக்கொண்டு மெதுவாக வந்தது, டிரைவர் அதற்குத் தகுந்த மாதிரி வடை சாப்பிடும் நேரத்தை மாற்றிக்கொண்டார், பிறகு அது வழக்கமாகி, வழக்கமானது பேச்சில் இல்லாமல் போனது.

கயிற்றை விட நல்ல வழியைக் கண்டுபிடித்தது சந்தியாகுவின் பேத்தி. அவளுக்கு அலமாரி என்ற சொல் வாயில் நுழையாது, அதனால் அந்த வீட்டில் எல்லாரும் அவளைக் கொஞ்சுவதற்காக மரப்பெட்டி, மரப்பெட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒரு நாள் பார்த்தால் அலமாரி நின்றுவிட்டது. பேரை விட்டால் போதும், சாமான் நம்மோடு இருக்கும். அன்றிலிருந்து ஊரில் சாவி தொறவகோல் ஆனது, ஜன்னல் காத்துவழி ஆனது, குசினி அடுப்பங்கரை ஆனது, தவறிச் சொன்ன பிள்ளைகளுக்குத் தொடையில் கிள்ளு விழுந்தது.

அதற்குப் பிறகுதான் ஆட்கள் நகர ஆரம்பித்தார்கள்.

குருசு மேஸ்திரி சாரத்தின் மேல் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவர், கொத்தனார்கள் கீழிருந்து மேஸ்திரி மேஸ்திரி என்று கூப்பிடக் கூப்பிட நின்ற நிலையிலேயே வழுக்கிப் பலகையின் ஓரத்துக்குப் போய்விட்டார், பிடித்து இழுத்தார்கள். ரெமிஜியுஸ் விரல் நீட்டிச் சொன்னான்: அதுவும் ரோமாபுரிதான், மாகிஸ்தெர். மறுநாளிலிருந்து அவர் அண்ணாச்சி. கிராம அலுவலகத்தில் சார் என்று கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் நாற்காலியோடு நகர்ந்தவரை ஐயா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அவர் நாற்காலி நின்றது. பங்குச் சாமியாரை இந்துத் தெருக்காரர்கள் பாதிரி என்பார்கள், அந்தத் தெருவழியாகப் போகும்போது மட்டும் அவருக்கு ஒரு உதறல் வந்தது, அவர்களும் சாமி என்று மாற்றிக்கொண்டார்கள். கன்னியர் பள்ளிக்கூடத்தில் மிஸ், மிஸ் என்று பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிடக் கரும்பலகையை விட்டு மூலைக்குப் போன ஆசிரியைகளுக்காகத் தலைமைச் சகோதரி எமரன்ஸ் காலை அசெம்பிளியில் மைக்கைப் பிடித்து, இனிமேல் டீச்சர், என்றார், அந்தச் சொல் ஜெர்மன்காரி பிள்ளை. பள்ளிக்கூடம் நிறைய இருந்த பிள்ளைகள் ஒரே காலையில் மாறிவிட்டார்கள். ஒரே காலையில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

லத்தீன் பெயர் வைத்த பெலிக்சும் லூசியாவும் போகவில்லை, அவர்களுக்கெல்லாம் வீட்டில் கூப்பிட வேறொரு பெயர் இருந்தது, அது பிடித்துக்கொண்டது. ரெமிஜியுஸ் மட்டும் தலைகீழ். தன்னை மாஸ்டர் என்று கூப்பிடுங்கள், எவ்வளவு முடியுமோ அவ்வளவு கூப்பிடுங்கள் என்று வகுப்புப் பெண்களைக் கெஞ்சினான், விசா இல்லாமலே போய்விடலாம் என்று கணக்குப் போட்டான். ஐந்தாறு பேர் கூப்பிட்டு என்ன ஆகும், பாயில் படுத்தவன் பாய்க்கு வெளியே கிடந்தான், அவ்வளவுதான்.

எண்ணிக்கைதான் விஷயம். எத்தனை வாய் கூப்பிடுகிறதோ அத்தனை வேகம். அந்த ஊரில் அதிக வாய் கூப்பிட்ட ஆள் யார் என்று யாரும் யோசிக்கவில்லை.

பனிமலர் யோசித்தாள், ஏனென்றால் அந்த ஆள் அவளுடைய அம்மா.

அவள் அம்மா கன்னியர் பள்ளிக்கூடத்து ஆயா. சின்னப் பிள்ளைகளைக் கக்கூசுக்குக் கூட்டிப்போக, வாந்தி அள்ள, பெஞ்சு துடைக்க, மணி அடிக்க, எல்லாவற்றுக்கும் அவள்தான். ஊரில் கடைக்குப் போனாலும் ஆயா, மீன் வாங்கப் போனாலும் ஆயா, ஊரில் பாதிப் பேர் அந்தப் பள்ளியில் அவள் கையில் மூக்குச் சிந்தியவர்கள், வளர்ந்து மீசை வைத்த பிறகும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பனிமலரும் அதே பள்ளியில் படித்தவள். பள்ளிக்கூடத்துக்குள் சொந்தம் கொண்டாடக் கூடாது என்பது விதி, அதனால் கேட்டுக்குள் நுழைந்ததும் அம்மா ஆயா ஆகிவிடுவாள், வெளியே வந்ததும் அம்மா. பதினோராம் வகுப்பில் ஒருநாள் பக்கத்துப் பெஞ்சுப் பெண் வாந்தி எடுத்தபோது டீச்சர், அப்போது மிஸ், பனிமலரைப் பார்த்து, போய் ஆயாவக் கூட்டிட்டு வா, என்றாள். பனிமலர் வெளியே போய், "ஆயா" என்று கூப்பிட்டாள், அம்மா வாளியோடு வந்தாள், வகுப்பே பார்க்க முட்டிபோட்டு அள்ளினாள், போகும்போது மகள் முகத்தைப் பார்க்காமல் போனாள். மறுநாளிலிருந்து பனிமலர் பள்ளிக்குப் போகவில்லை. காரணம் கேட்டவர்களுக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொன்னாள். பொய். நன்றாகவே ஏறியது.

அம்மா நகர்ந்ததை முதலில் செருப்பில்தான் கண்டுபிடித்தாள். குதிகால் பக்கம் மட்டும் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.

"ஏம்மா, என்ன செய்யுத பள்ளிக்கூடத்துல? சறுக்கு வெளையாடுதியா?"

"அவிய கூப்பிடுதாவ, நான் போறேன். போகையில பின்னாடி இழுக்கு. வேற ஒண்ணும் இல்ல."

பனிமலர் மதில் ஓரம் நின்று பார்த்தாள். அம்மா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள், ஒரு பிள்ளை ஆயா என்றது, அவள் கால் தூக்காமலே வடமேற்கே ஒரு பாகம், இரண்டு கையை விரித்த தூரம், போனாள், திரும்பி நடந்து அந்தப் பிள்ளையிடம் வந்தாள், வருவதற்குள் இன்னொரு வகுப்பிலிருந்து ஆயா, மறுபடி போனாள், மறுபடி வந்தாள், மத்தியானத்துக்குள் அவள் கக்கூசுக்குப் பின்னால் வடமேற்கு மதிலோடு ஒட்டி நின்றாள், அங்கே நின்றால் கூப்பிடுவது கேட்காது, கேட்காததால் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்கள். கூப்பிடக் கூப்பிட விலகிப் போனாள், விலகிப் போகப் போகச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். எங்க போய்த் தொலஞ்சா இந்த ஆயா, என்று ஒரு டீச்சர் கத்தியபோது மதிலில் அவள் முதுகு பட்டு ஒரு செங்கல் உதிர்ந்தது.

சாயங்காலம் வீட்டில் பனிமலர் அம்மா, அம்மா என்று காரணமில்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், உப்பு எங்கம்மா, தண்ணி எங்கம்மா, உன் தலைய எங்கம்மா வச்ச. கொஞ்சம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாகவே பிடித்தது, அம்மாவின் குதிகால் தரையில் பதிந்தது. ஆனால் ஒரு வாய்க்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் என்ன போட்டி. வேலையை விடு என்றாள். விட்டுட்டு, என்றாள் அம்மா, கடத்தெருவுல என்னய என்னன்னு கூப்பிடுவாவ, மகாராணின்னா?

பனிமலருக்குப் பதில் இல்லாத இடம் பிடிக்காது, அதனால் அவள் கோயில் வளாகத்துக்குப் போனாள். பொருள்களுக்குப் பேர் மாற்றிய கூட்டம் பூசை முடிந்து அங்கேதான் கூடும். அவள் நடுவில் போய் நின்று, எங்க அம்மாவையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க, என்றாள்.

முதலில் சிரித்தார்கள். பிறகு சந்தியாகு பர்னாந்து தொண்டையைச் செருமினார்.

"ஆயாங்கிறது நம்ம சொல்லுதானம்மா. வடக்க பாட்டிய அப்பிடித்தான் கூப்பிடுதாவ. நம்ம சொல்லுக்கு ஏன் போறா? தானா நடந்து போறாளோ என்னமோ."

"வடக்க கூப்பிடுறது வேற ஆயா," என்றான் ரெமிஜியுஸ். "அது இங்க பொறந்தது, அது அசையாது. நீங்க வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு அவியள ஆயா இங்க வான்னு கூப்பிடும்போது பாட்டின்னு நெனச்சா கூப்பிடுதீய? நீங்க கூப்பிடுறது கப்பல்ல வந்த ஆயா. தொரைமாரு வீட்டுல பிள்ள தூக்கினவ."

குருசு அண்ணாச்சி, பள்ளிக்கூடத்து விஷயத்தைப் பள்ளிக்கூடத்தில் பேச வேண்டும் என்றார். எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது.

தலைமைச் சகோதரி எமரன்ஸ் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், பனிமலர் உட்காரவில்லை.

"கூப்பிடச் சொல்லலாம்மா, அதுல என்ன இருக்கு. உங்க அம்மா பேரு என்ன?"

பத்தொன்பது வருஷம் அம்மா அந்த அறையைத் தினமும் பெருக்கியிருக்கிறாள்.

"வியாகுலம்."

"மாதா பேரு. நல்ல பேரு. ஆனா பிள்ளைங்க வாயில வரணுமே."

"டீச்சர் வந்துச்சுல்ல சிஸ்டர்."

சகோதரி அவளை ஒரு மாதிரி பார்த்தார், ஆனாலும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மறுநாள் அசெம்பிளியில், இனிமேல் ஆயாவை வியாகுலம் அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று மைக்கில் சொன்னார். அதைச் சொல்லும்போதே ஆயா என்ற சொல்லை மைக்கில் சொன்னார், மணிக் கம்பத்தடியில் நின்ற அம்மா ஒரு முழம் போனாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வியாகுலம், வியாகுலம் என்று ஒருத்தி ஒப்பாரி மாதிரி இழுத்துக் காட்டினாள்.

ஆனாலும் அன்று காலை கூப்பிட்டார்கள், பொய் சொல்லக் கூடாது. முதல் பீரியடில் கூப்பிட்டார்கள், இரண்டாம் பீரியடில் கூப்பிட்டார்கள். மூன்றாம் பீரியடில் எல்கேஜி பிள்ளை ஒன்று கால்சட்டையில் போய்விட்டது, டீச்சர் வாசலுக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, வியாகுலம் அம்மா, என்றாள். அம்மா பத்தடி தள்ளிக் குழாயடியில் நின்றாள். திரும்பவில்லை. வியாகுலம் அம்மா, என்று மறுபடி கூப்பிட்டாள். அம்மா வாளியை அலசிக்கொண்டிருந்தாள், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று சுற்றுமுற்றும் கூடப் பார்த்தாள், யாரும் இல்லை என்று மறுபடி வாளியை அலசினாள். மதிலுக்கு வெளியே நின்ற பனிமலர் கல்லைப் பிடித்து நின்றாள்.

"ஆயா," என்றாள் டீச்சர்.

அம்மா உடனே திரும்பினாள், வந்தேம்மா, என்றாள், வாளியோடு ஓடி வந்தாள், வந்த ஓட்டத்தையும் மீறிப் பின்னால் இழுபட்டு மதிலில் போய் முட்டினாள். அதோடு அந்தப் பேர் முடிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாரும் பழையபடி கூப்பிட்டார்கள், அவளேதான் திரும்பலியே, நாங்க என்ன செய்ய, என்றார்கள், அதில் தப்பும் இல்லை.

"ஏம்மா திரும்பல?"

"யாரையோ கூப்பிடுதாவன்னு நெனச்சேன்ட்டி. உங்க அப்பா போன பொறவு அந்தப் பேர யாரு சொன்னா? நீ பிள்ள, நீ சொல்ல முடியாது. ஆசுபத்திரில சீட்டு எழுதுறவன் ஒருக்க கேட்டான். எனக்கே யோசிச்சுத்தான் சொல்ல வந்துச்சு."

பனிமலர் கயிறு எடுத்துவந்தாள். மற்ற வீடுகளில் அலமாரியிலிருந்து அவிழ்த்துப் போட்ட நைலான் கயிறு தெருவில் கிடந்தது, அதில் ஒன்றை எடுத்து அம்மா இடுப்பில் கட்டி மறுமுனையைக் கதவு நிலையில் கட்டினாள். அம்மா கட்ட விட்டாள். கட்டி முடித்ததும் குனிந்து முடிச்சைப் பார்த்தாள்.

"என்னய அலமாரின்னு நெனச்சியா?"

"அலமாரின்னா ஊரே சேந்து பேர மாத்தியிருக்கும்."

அம்மா சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்துப் பனிமலர் பார்த்து நாளாகிவிட்டது. பிறகு முடிச்சை அவளே அவிழ்த்தாள், கடல்காரன் மகள், அவளுக்குத் தெரியாத முடிச்சா.

ஏப்ரலில் தேர்வு முடிந்து விடுமுறை விட்டார்கள். இரண்டு மாதம் அம்மா வீட்டில் இருந்தாள், கூப்பிட ஆள் குறைந்ததால் கால் ஊன்றி நடந்தாள், பனிமலருக்கு இனிமேல் பயமில்லை என்றுகூட ஒருநாள் தோன்றியது. மே கடைசியில் ரெமிஜியுஸ் வந்தான். அவனுடைய வகுப்புப் பெண்கள் ஒருவரும் தேர்வில் தேறவில்லை, அவன் வாசலில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, கேட்காமலே சொன்னான்.

"அக்கா, உங்க சொல்லத் தேடிப் பாத்தேன். போர்த்துகீசுக்காரன்ட்ட அது ஆய்யா, பிள்ள வளக்கிற வேலக்காரி. அதுக்கு முன்னாடி லத்தீன்ல ஆவியா. அங்க அது வேலக்காரி இல்ல."

"பின்ன?"

"பாட்டி. அப்பனப் பெத்தவ, அம்மயப் பெத்தவ. வீட்டுல மூத்த பொம்பள. அங்கருந்து எறங்கி வர வரத்தான் வேலக்காரி ஆயிட்டா."

அம்மா டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப திரும்பிப் போனா?"

"ஏறிப் போகப் போகச் சொல்லு பழசாகும்லா. கடைசில பாட்டிதான்."

பனிமலர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் எழுந்து போய்விட்டான். அன்றைக்குச் சாயங்காலம் பனிமலர் அம்மா என்று கூப்பிட்டபோது வழக்கமாகப் பதியும் குதிகால் பதியவில்லை, அவள் கொஞ்சம் முன்பாதத்தில் நின்றாள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நிற்பார்களே, அந்த மாதிரி.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பள்ளி திறக்கும் நாளில் ஆயா படும் பாடு தெரிந்தவர்களுக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அத்தனையும் அழுகின்றன, பெற்றவர்கள் கேட்டுக்கு வெளியிலிருந்து ஆயா பாத்துக்கோங்க, ஆயா மூக்கத் தொடச்சு விடுங்க என்று கத்துகிறார்கள், பழைய பிள்ளைகள் புதுப் பிள்ளைகளிடம் அதோ அதான் ஆயா என்று விரல் நீட்டிக் கற்றுக்கொடுக்கின்றன, பெற்ற தாயின் முகம் மறந்தாலும் இந்தச் சொல் மறக்காத அளவுக்கு அன்றைக்கே கற்றுக்கொண்டுவிடுகின்றன, எல்லாம் சேர்ந்து ஒரே வாயாக எழுந்தபோது அம்மா விளக்குமாற்றோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள், நின்றபடியே கிளம்பினாள், முற்றம் தாண்டினாள், மதிலில் ஏற்கெனவே உதிர்ந்திருந்த செங்கல் இடைவெளி இப்போது ஆள் போகும் அளவுக்கு விரிந்துவிட்டது, அதன் வழியே வெளியே போனாள், விளக்குமாறு நம் ஊர்ச் சாமான், அது அவளோடு போகவில்லை, மதிலடியிலேயே விழுந்தது.

பனிமலர் ரோட்டைத் தாண்டி ஓடினாள். பள்ளிக்குப் பின்னால் உப்பளம், பாத்தி பாத்தியாக வெள்ளை, அதன் மேல் அம்மா நேராக நின்றபடி வழுக்கிப் போய்க்கொண்டிருந்தாள், முகம் பள்ளிக்கூடத்தைப் பார்த்தபடி, முதுகு வடமேற்கே, இரண்டு குதிகாலும் உப்பில் இரண்டு கோடு இழுத்தன.

"அம்மா," என்று கூப்பிட்டாள். அம்மா ஒரு எட்டு நின்றாள். பின்னால் பள்ளியிலிருந்து சத்தம், பத்து எட்டு போனாள். "அம்மா." ஒரு எட்டு. இப்படியே அந்தப் பெண் உப்பில் கால் வெடிக்க ஓடி ஓடிக் கூப்பிட்டாள், கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பக்கத்தில் வந்தாள், சேலை நுனி கைக்கு எட்டியது, பிடித்தாள்.

"விடுட்டி," என்றாள் அம்மா. "தொண்ட வத்திரும்."

"நான் கூப்பிட்டா நிக்கதான செய்யுத. நான் கூப்பிட்டுட்டே இருக்கேன்."

"எத்தன நாளைக்கு? நீ சாப்பிட மாட்டியா, ஒறங்க மாட்டியா? அவிய ஷிப்டு மாத்திக் கூப்பிடுவாவ." அவள் மகளின் தலையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள். "அடுப்புல கஞ்சி இருக்கு. ஆறிருக்கும், சூடு காட்டிக் குடி."

"நீ வேணும்னே போற."

அம்மா மறுக்கவில்லை. "ஒருத்தராவது அந்தச் சொல்ல மரியாதையாச் சொல்லுற எடம் இருக்காம்லா. போய்ப் பாக்கேன்."

"நான் மரியாதையாத்தான சொன்னேன். அம்மான்னு."

"வீட்டுல சொன்ன," என்றாள் அம்மா.

கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வது மாதிரிதான் சொன்னாள். பனிமலர் மறுபடி கூப்பிட வாயைத் திறந்தாள், உப்புக்காற்றுதான் உள்ளே போனது, கையிலிருந்த சேலை நுனி தானாக நழுவியது. பள்ளிக்கூடத்தில் ஆயா எங்கே, ஆயா எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் உப்பளத்தின் மேல் வந்து வந்து தள்ள, அம்மா சின்னதாகி, வெள்ளையில் ஒரு புள்ளியாகி, புள்ளியும் போய், இரண்டு கோடு மட்டும் கிடந்தது.

கோவில்பட்டியைத் தாண்டி ஒரு பொம்பளை நின்றபடியே போனதை லாரிக்காரர்கள் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. கடல் வந்தால் என்ன செய்வாள் என்று சிலர் கவலைப்பட்டார்கள், அந்தச் சொல் வந்ததே கடல் வழியாகத்தானே, வழி அதுக்குத் தெரியும் என்றான் ரெமிஜியுஸ், சொல்லிவிட்டுப் பொறாமையில் இரண்டு நாள் வகுப்பு எடுக்கவில்லை. ஊர் வழக்கம் போல ஜீரணித்துக்கொண்டது. எங்க ஊரு ஆயா இத்தாலி போயிட்டாவ, பாஸ்போர்ட்டு கூட இல்லாம, என்று வெளியூரில் பெண் எடுத்த இடங்களில் பெருமையாகச் சொன்னார்கள். பங்குச் சாமியார் அவளுக்காக ஒரு பூசை வைத்தார், நம் பள்ளி ஆயாவுக்காக மன்றாடுவோம் என்றார், கோயில் நிறைய இருந்த ஜனம் ஆயாவுக்காக என்று திருப்பிச் சொன்னது. பனிமலர் கடைசி வரிசையில் நின்றாள். இந்நேரம் எங்கே போய்க்கொண்டிருந்தாலும் அந்தப் பொம்பளை இன்னும் ரொம்ப தூரம் தள்ளப்பட்டிருப்பாள் என்று நினைத்தாள், வியாகுலம் என்று ஒரு வாய் சொல்லவில்லை.

மாதம் முடிவதற்குள் சகோதரி எமரன்ஸ் ஆள் அனுப்பினார். இந்தத் தடவையும் உட்காரச் சொன்னார்.

"உங்க அம்மா எடம் காலியாத்தான் இருக்கு. பிள்ளைங்க ரொம்பக் கஷ்டப்படுது. நீயே வந்துடேன்ம்மா. தெரிஞ்ச பிள்ள."

பனிமலர் மறுத்துப் பேசுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும், முகத்தைத் தயாராக வைத்திருந்தார். அவள் எப்போதிலிருந்து வர வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்கே வரலாம். பேரு பனிமலர்தான? பிள்ளைங்கள வேணும்னா பேரு சொல்லியே..."

"வேண்டாம் சிஸ்டர்."

மறுநாள் அவள் மதிலடியில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து வராந்தாவில் சாய்த்து வைத்தாள். மதில் இடைவெளியைக் குருசு அண்ணாச்சியின் ஆட்கள் அடைக்க வந்திருந்தார்கள், சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தார்கள், இன்னும் கொஞ்ச நாள் கழித்து அடையுங்கள் என்று அவர்களை அனுப்பிவிட்டாள். பிறகு வராந்தாவில், அந்த இடைவெளிக்கு முதுகு காட்டி, முன்பாதத்தில் நின்றாள். எல்கேஜி வாசலில் மூக்கு ஒழுக ஒரு சின்னப் பயல் வந்து நின்றான், அவளை மேலும் கீழும் பார்த்தான், பாவாடை தாவணி போட்ட ஆளை அப்படிக் கூப்பிடலாமா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்திருக்கும்.

"ஆயா," என்றான், மெதுவாக.

அவளுடைய குதிகால் லேசாகத் தரையை உரசியது.

"சத்தமாக் கூப்பிடுல," என்றாள் பனிமலர். "எல்லாரையும் கூப்பிடச் சொல்லு."